மூக்கில் ரேடியேட்டர், முதுகில் இன்ஜின்

கார் சூடாகிறது என்றால் நம் ஊரில் சொல்லும் வைத்தியம் பெரும்பாலும் மூன்று. பெரிய ரேடியேட்டராகப் போடு. தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போடு. ஃபேனை டைரக்டாகக் கொடுத்துவிடு, சாவி திருப்பியதும் சுற்றட்டும். முன்னால் இன்ஜின் உள்ள சாதாரண வண்டியில் இவற்றில் ஏதோ ஒன்று கொஞ்ச நாளைக்காவது சமாளித்துவிடும். இன்ஜின் சீட்டுக்குப் பின்னாலும் ரேடியேட்டர் மூக்கிலும் இருக்கிற வண்டியில் மூன்றையும் சேர்த்துச் செய்தாலும் முள் சிவப்புக் கோட்டுக்குத்தான் போகும். அங்கே படுத்துவது காற்று. குழாய்க்குள் இருக்கக் கூடாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் காற்று ஒரு பக்கம். ரேடியேட்டருக்குள் புகுந்து போக வேண்டியது, பக்கச் சந்தில் நழுவிவிடும் காற்று இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் வழிக்குக் கொண்டுவந்துவிட்டால் தண்ணீர் அதன் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வண்டி என் நண்பனுடையது. புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்குப் பின்புறம் அவனுக்குச் சின்னதாக ஒரு பட்டறை இருக்கிறது. உதிரிகளை வைத்து வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார்தான் கிட் கார்; யாரோ பாதியில் விட்ட அப்படி ஒன்றை விலைக்கு வாங்கி வந்தான். சதுரக் குழாயை வெல்டிங் வைத்துக் கட்டிய சேஸிஸ், அதில் மாருதி எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜினும் கியர்பாக்ஸும் கழற்றிய தொகுப்பாக அப்படியே சீட்டுக்குப் பின்னால். எஸ்டீமில் முன் சக்கரத்தைச் சுழற்றியது இங்கே பின் சக்கரத்தைச் சுழற்றுகிறது, அவ்வளவுதான். 1972-ல் ஃபியட் எக்ஸ்1/9 காரிலும் 1984-ல் டொயோட்டா எம்ஆர்2 காரிலும் கம்பெனிகளே செய்த வேலை இது. மேல் உடம்பை வீராம்பட்டினத்தில் ஃபைபர் படகு செய்கிற ஒருவர் அச்செடுத்துப் போட்டுக் கொடுத்தார். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.

பிரிட்டனில் கிட் கார் பழக்கம் வேர்விட்டதற்கு ஆசை பாதிக் காரணம் என்றால் வரி மீதிக் காரணம். முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கிடையாது. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் அப்படித்தான் விற்றது. 1973-ல் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. நமக்கு அந்தக் கதையே இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆம் விதிப்படி வண்டி மாதிரியை அரசு ஏற்ற சோதனை நிலையத்தில் காட்டித் தேற வைக்க வேண்டும். ஒற்றை ஆள் ஒற்றை வண்டிக்கு அந்தச் செலவைச் செய்ய முடியுமா? ஆகவே இது ரோட்டுக்கு வராது. வில்லியனூர் தாண்டி மனை போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு தனியார் இடத்தின் உள்சாலைகளில், உரிமையாளரிடம் சொல்லிவிட்டு ஓட்டிப் பார்க்கிறோம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவன் கனவு. லாரியில் ஏற்றித்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சாதாரண காரில் ரேடியேட்டரும் இன்ஜினும் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும். நடுவில் ஒரு முழம் ஹோஸ். மூடி இருக்கும் இடம்தான் பெரும்பாலும் உச்சி. தண்ணீர் ஊற்றினால் காற்று தானாக மேலே வந்து வெளியேறிவிடும். நடு இன்ஜின் வண்டியில் மூக்கு தாழ்வாக இருப்பதால் ரேடியேட்டர் தரையோடு தரையாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. இன்ஜின் தலை அதைவிட உயரத்தில், பின்னால். இரண்டுக்கும் நடுவே போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர் குழாய். அந்தக் குழாய் ஸ்டீயரிங் ராக்குக்குக் கீழே குனிந்து, பெடலுக்குப் பக்கத்தில் ஏறி, சீட்டுக்கு நடுவே ஓடி, பின்னால் போய் மறுபடி ஏறுகிறது. எங்கெல்லாம் ஏறி இறங்குகிறதோ அங்கெல்லாம் மேட்டில் ஒரு காற்றுக் குமிழி தங்கிவிடும். மொட்டை மாடி டேங்க் நிறைய தண்ணீர் இருந்தும் கீழே குழாய் வெறுமனே இருமுமே, அதே கதை.

குமிழி சும்மா வழியை மறித்தால்கூடப் பரவாயில்லை. பம்ப்பின் வாய்க்குப் போய்ச் சேர்ந்தால் பம்ப் காற்றை அரைக்கும், தண்ணீரைத் தள்ளாது. ஹெட்டுக்குள், அதாவது இன்ஜின் தலைக்குள், தங்கினால் அந்த இடத்தில் உலோகம் தண்ணீர் படாமல் காயும், ஆவி இன்னும் பெருகும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போகும். எஸ்டீம் இன்ஜினில் ஹெட்டும் பிளாக்கும் அலுமினியம். ஒருமுறை கடுமையாகக் காய்ந்தால் ஹெட் வளைந்துவிடும். இதைவிட மோசமான ஒன்று உண்டு. வெப்பம் பார்க்கும் சென்சார் காற்றுக் குமிழிக்குள் மாட்டிக்கொண்டால் அது உண்மையைச் சொல்லாது. தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் அதற்குச் சூடு சரியாகத் தெரியும். முள் நிம்மதியாக நடுவில் நிற்கும், உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும், பிறகு ஒரே துள்ளாகச் சிவப்புக்கு எகிறும். முள் இப்படித் துள்ளும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றைத்தான்.

முன்பு இதைக் கட்டியவர் வீட்டுக் குழாய் வேலைக்கு வாங்கும் ஜி.ஐ. பைப்பையும் தொண்ணூறு டிகிரி எல்போக்களையும் வைத்து வேலையை முடித்திருந்தார். உள் விட்டம் 25 மில்லிமீட்டர். ரேடியேட்டர் மேல் ஒரு மூடி, பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா. காற்று வெளியேற எங்கும் வழியில்லை. அந்த உயரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து எவ்வளவு ஊற்றினாலும் இன்ஜின் தலை வரை தண்ணீர் ஏறவே ஏறாது. மூடி தாழ்வில், தலை உயரத்தில். பிறகு எப்படி ஏறும்?

இதை எங்களுக்கு நச்சென்று சொன்னவர் கார் மெக்கானிக் இல்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கும் பெரியவர் ஒருவர், படகுக்காரரோடு பேச்சுத் துணைக்குப் பட்டறைக்கு வந்திருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இன்னா தம்பி, டேங்க கீழ வச்சிக்கினு தண்ணி மேல ஏறலைன்னா எப்படி? தண்ணிய நீ எங்க வேணா தள்ளலாம். காத்து மேலதான் போவும். அது போற எடத்துல டேங்க வையி" என்றார். கடல் இன்ஜின்களில் தண்ணீர்த் தொட்டி இன்ஜினுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அவருக்கு இது பாலபாடம்.

அவர் சொன்னதை அப்படியே செய்தோம். இன்ஜின் அறையில், ஹெட்டைவிடவும் ரேடியேட்டரின் உச்சியைவிடவும் உயரமான இடத்தில் ஒரு அலுமினியத் தொட்டி. ஆர்கான் வெல்டிங் செய்கிற பட்டறையில் அடித்து வாங்கினோம். உள்ளே அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் மட்டும் திறக்கும் அழுத்த மூடி இதில் மட்டும்தான். ரேடியேட்டரில் இருந்த அழுத்த மூடியை எடுத்துவிட்டு வெறும் அடைப்பு மூடி. இரண்டு இடத்தில் அழுத்த மூடி இருந்தால் எது எப்போது திறக்கும் என்று தெரியாது. தொட்டியின் அடியிலிருந்து 20 மில்லிமீட்டர் ஹோஸ் ஒன்று நேராகப் பம்ப்பின் உறிஞ்சும் வாய்க்குப் போகிறது. தொட்டியின் மேற்பக்கத்துக்கு இரண்டு மெல்லிய குழாய்கள் வருகின்றன: ஒன்று இன்ஜின் தலையில் தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டின் உச்சியிலிருந்து, இன்னொன்று மூக்கில் சாய்ந்திருக்கும் ரேடியேட்டரின் மிக உயர்ந்த மூலையிலிருந்து வண்டியின் நீளம் முழுக்க. இவை 6 மில்லிமீட்டர் போதும். கொஞ்சம் தாராளமாகப் போட்டால் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இந்தக் குறுக்கு வழியிலேயே சுற்றும். ரேடியேட்டரின் பித்தளைத் தொட்டியில் அந்த மூலையைக் கண்டுபிடித்து நிப்பிள் பற்றவைப்பதில்தான் சூட்சுமம். வண்டியில் மாட்டி, சாய்வோடு பார்த்துக் குறித்த பிறகே ரேடியேட்டர் கடைக்கு எடுத்துப் போக வேண்டும். மேசையில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் உச்சி வேறு இடத்தில் தெரியும்.

தொட்டியின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 32 மில்லிமீட்டர் உள் விட்டக் குழாய் ஆறு மீட்டர் ஓடினால் அதற்குள்ளேயே ஏறத்தாழ 4.8 லிட்டர் தண்ணீர் நிற்கும். இன்ஜின், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்துப் பத்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குப் போகும்போது அது மூன்றரை சதவீதம், அதாவது 350 மில்லி விரியும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகம். எனவே தொட்டியில் அரை லிட்டருக்கு மேல் வெற்றிடம் விடாமல் விளிம்பு வரை ஊற்றினால் அது மூடி வழியாகத்தான் வெளியேறும். அதைப் பார்த்துவிட்டு "கேஸ்கெட் போச்சு" என்று இன்ஜினைப் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

குழாயையும் மாற்றினோம். 25-ஐ 32 ஆக்கினோம் என்றால் கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரே அளவு தண்ணீர் ஓடும்போது குழாயின் தடை விட்டத்தின் ஐந்தாம் மடியில் குறைகிறது. 32-ஐ 25-ஆல் வகுத்து வருவதை ஐந்து முறை எழுதிப் பெருக்கிப் பாருங்கள்: 3.4. அதாவது பழைய குழாயில் இருந்த தடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்போக்களைத் தூக்கிவிட்டு அகலமாக வளைத்த எஸ்.எஸ். பைப் போட்டது அதற்கு மேல் லாபம். ஜி.ஐ. பைப் இந்த வேலைக்கே ஆகாது. உள்ளே பூசிய துத்தநாகத்துக்கும் கூலன்ட்டுக்கும் ஒத்துப்போகாமல் சேறு மாதிரி படியும்.

போகிற குழாயைவிட வருகிற குழாய் முக்கியம். ரேடியேட்டரிலிருந்து பம்ப்புக்குத் திரும்பும் பாதையில் பம்ப் உறிஞ்சுகிறது, அங்கே அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். தடை அதிகமான குழாயாக இருந்தால் பம்ப்பின் வாயிலேயே ஆவிக் குமிழிகள் உண்டாகும். மலிவான ரப்பர் ஹோஸ் அதே பக்கத்தில், வேகம் கூடும்போது, வயிறு ஒட்டிப் போய்விடும். வண்டி நிற்கும்போது தொட்டுப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே கம்பிச் சுருள் வைத்த ஹோஸ் அங்கே போடுவது நல்லது. பைப் முனையில் உருட்டி ஒரு புடைப்பு எடுக்காமல் ஹோஸை மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் கிளாம்ப் ஒரு நாள் கைவிடும். லேத் பட்டறையில் சில நிமிட வேலை.

தண்ணீர் ஊற்றும்போது வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி வைத்தோம். தொட்டி பின்னால் இருப்பதால் குழாய் முழுக்கப் பின்னோக்கி மேடாகிவிடும், காற்று தானே தொட்டிக்கு ஓடிவரும். ரேடியேட்டர் மூலையில் நிற்பதற்கு அந்த மெல்லிய குழாய் இருக்கிறது. அந்தக் குழாயைச் சோதனைக்கு மட்டும் கண்ணாடி போன்ற ஊடுருவித் தெரியும் ஹோஸாக வைத்துக் குமிழி ஓடுவதைப் பார்த்தோம். சிறிது நேரத்தில் குமிழி நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது ஹெட் கேஸ்கெட் வழியாக வரும், இன்ஜினுக்குள் எரிந்த வாயுவாக இருக்கலாம். சூட்டையும் அழுத்தத்தையும் அந்த ஹோஸ் தாங்காது, பார்த்ததும் மாற்றிவிட வேண்டும்.

இதெல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி இது. ரேடியேட்டரின் இரண்டு வாயிலும் வெப்பத்தை அளந்தால் போதும், நோய் எது என்று அதுவே சொல்லிவிடும். கணக்கு எளிது: ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 4.18 கிலோஜூல் வெளியேற வேண்டும். 30 கிலோவாட் வெப்பத்தை நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓட்டத்தில் கழித்தால் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் வித்தியாசம் ஏழு டிகிரி. ஓட்டம் பாதியானால் பதினான்கு. ஆக, வித்தியாசம் அதிகமாக இருந்தால் ரேடியேட்டர் பிரமாதமாகக் குளிர்விக்கிறது என்று சந்தோஷப்படக் கூடாது. தண்ணீர் ஊர்கிறது என்று அர்த்தம். வித்தியாசம் குறைவாக இருந்து இரண்டு முனையும் சேர்ந்தே ஏறிக்கொண்டு போனால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, ஆனால் ரேடியேட்டர் மேல் காற்று போதவில்லை.

அளக்க அகச்சிவப்புத் துப்பாக்கி போதும். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது வேண்டாம். அது உடம்புச் சூட்டுக்கு மட்டும் செய்தது. பட்டறைக்கென்று விற்பது வேண்டும். பளபளக்கும் எஸ்.எஸ். குழாயில் நேராகக் காட்டினால் அது குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன் மேல் காட்ட வேண்டும்.

பழைய குழாயோடு உள்ளே 96, வெளியே 68. இருபத்தெட்டு டிகிரி வித்தியாசம். புதிய குழாயும் தொட்டியும் வந்த பிறகு வண்டியை அதே மாதிரி ஓட்டியபோது 87, 78. தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது. நண்பன் அன்றைக்கே லாரி பேசப் போய்விட்டான். ஆனால் முன்பு விரட்ட முடியாத அளவுக்கு இப்போது விரட்டிப் பார்த்தபோது, மதிய வெயிலில், 90, 93, 99 என்று ஏறியது. வெளியே வருவதும் கூடவே 90-க்கு ஏறியது. வித்தியாசம் மட்டும் ஒன்பதிலேயே நின்றது. இப்போது முறை இரண்டாவது காற்றுடையது.

இங்கே நம் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். ரேடியேட்டர் கழிக்கும் வெப்பம் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. 20 டிகிரி காற்றில் 90 டிகிரித் தண்ணீருக்கு வித்தியாசம் எழுபது. கத்திரி வெயிலில் 40 டிகிரிக் காற்றில் அது ஐம்பது. அதே ரேடியேட்டர், அதே காற்று, ஆனால் கழிவது ஏழில் ஐந்து பங்குதான். இங்கிலாந்துக்காரர் வரைந்த வரைபடத்தைப் பார்த்து இங்கே ரேடியேட்டர் அளவைத் தீர்மானித்தால் சித்திரையில் தெரிந்துவிடும்.

ஆனாலும் பெரிய ரேடியேட்டர் வாங்கவில்லை. இருக்கிற ரேடியேட்டரைச் சுற்றி நான்கு பக்கமும் கை நுழையும் இடைவெளி இருந்தது. முன்னால் வாய் வழியாகப் புகும் காற்றுக்கு, நெருக்கமான தகடுகளுக்கு நடுவே போவதைவிட அந்தச் சந்தில் போவது சுலபம். போனதும் போய்ச் சேர இடமில்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் மூடிய பெட்டி. வெளியேற வழி இல்லாத இடத்துக்குள் காற்று எப்படிப் புகும்? அலுமினியத் தகட்டை வெட்டி வாயிலிருந்து ரேடியேட்டர் விளிம்பு வரை மெல்ல விரியும் கூடு ஒன்று செய்தோம். விளிம்பு முழுக்க ஸ்பாஞ்ச் ரப்பர் ஒட்டினோம். வாய் ரேடியேட்டர் பரப்பில் பாதி இருந்தாலே தாராளம், சந்து இல்லாமல் இருந்தால்.

பின்னால் வெளியேற பானட்டில் ஓட்டை போட வேண்டியிருந்தது. படகுக்காரருக்கு அதில் வருத்தம்தான், தான் இழைத்து இழைத்துத் தேய்த்த மேற்பரப்பு. எங்கே வெட்டுவது என்பதற்கு ஒரு சுலபமான வழி: கம்பளி நூல் துண்டுகளைப் பானட் முழுக்க டேப்பால் ஒட்டி, வண்டியை ஓட்டிப் பக்கத்தில் இன்னொரு வண்டியிலிருந்து போனில் படம் எடுத்தோம். நூல் படிந்து பின்னோக்கிப் பறக்கும் இடத்தில் காற்று ஒட்டி ஓடுகிறது. முன் கண்ணாடியின் அடியில் அவை குழம்பி எழுந்து ஆடின. அங்கே காற்று முட்டி அழுத்தம் கூடுகிறது. அங்கே ஓட்டை போட்டால் காற்று வெளியே வராது, உள்ளே போகும். எனவே கண்ணாடியிலிருந்து தள்ளி, ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், முன்விளிம்பில் ஒரு சின்னத் தடுப்பு உதட்டோடு வெட்டினோம். ஃபோர்டு ஜிடி40 காரிலும் 1960-களில் மூக்கின் மேலேதான் காற்று வெளியேறியது. பந்தயக்காரர்கள் பிறகு ரேடியேட்டரையே பக்கவாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், 1970-ல் வந்த லோட்டஸ் 72 அப்படி. எங்கள் சேஸிஸில் பக்கவாட்டில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது, அந்த யோசனைக்கு இடமில்லை.

இதன் பிறகு அதே மதியத்தில், அதே விரட்டலில், முள் 91-ஐத் தாண்டவில்லை. ஃபேன் ஓடியது வண்டி நிற்கும்போது மட்டும்தான். ஓடும்போது காற்றே போதும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா என்று பட்டறைக்கு வருகிற எல்லாரும் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே இன்ஜினுக்குள் சுற்றும் பைபாஸ் வழியை அடைக்கவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு மூக்குப் பக்கமே போகாமல் திரும்பிவிடும். தண்ணீர் மெதுவாகப் போனால்தான் ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்கும் என்றொரு வாதமும் உண்டு. மெதுவாகப் போகிற தண்ணீர் இன்ஜினுக்குள்ளும் மெதுவாகத்தானே போகிறது? அங்கே அது வாங்கிக்கொள்ளும் சூட்டை யார் கணக்கில் வைப்பது?

உள்ளே ஊற்றுவது என்ன என்பதும் இந்தக் கரையில் பேச வேண்டிய விஷயம். கடல் உப்பு ஏறிய போர் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பு படிந்து நீங்கள் செய்த குழாய் வேலை அத்தனையும் வீண். டிஸ்டில்ட் தண்ணீரோடு கூலன்ட் கலந்தோம். இங்கே தண்ணீர் உறையப் போவதில்லை, கூலன்ட் வேண்டியது துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும். பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை ஏழெட்டு டிகிரி கூடும், ஆனால் சூட்டைச் சுமக்கும் திறன் குறையும். மூன்றில் ஒரு பங்கு போதும் என்பது என் கணிப்பு. கொதிநிலையை உயர்த்துவதில் பெரும்பங்கு மூடிக்குத்தான். 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. மாணவர்கள் கட்டும் ஃபார்முலா கார் போட்டிகளில் வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று விதி. கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் கொட்டினால் தடம் வழுக்கும். இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் முன் கேட்டுத் தெரிந்துகொண்டு தேவைப்பட்டால் வடித்து மாற்ற வேண்டும்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. வண்டியை விரட்டிவிட்டு உடனே அணைத்தால் பம்ப் நின்றுவிடுகிறது, ஆனால் ஹெட்டில் உள்ள சூடு எங்கும் போவதில்லை. சீட்டுக்குப் பின்னால் மூடிய அறையில் காற்றும் அசையாது. அணைத்த பிறகு முள் ஏறுவதைப் பார்க்கலாம். இப்போதைக்கு அணைக்கும் முன் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுகிறோம், பின்மூடியைத் திறந்து வைக்கிறோம். சின்ன எலெக்ட்ரிக் பம்ப் ஒன்றை டைமரோடு வைத்தால் தீரும். நண்பனுக்கு அதில் ஆசை. பேட்டரியும் மூக்கில்தான் இருக்கிறது, அங்கிருந்து இன்னொரு ஒயரைப் பின்னால் வரை இழுக்க வேண்டும் என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறான்.